"மங்கலா இருக்கும்மா" என்று பிள்ளை சொன்னால்

கேள்வி: காரைக்காலிலிருந்து ரீயூனியன் தீவுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, சேன் தாந்த்ரேயில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. பள்ளியில் மகளுக்கு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களைப் பற்றிச் சொல்லித் தருகிறார்கள். வீட்டிலும் நான் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆசை. ஆனால் எனக்குக் கோலத்தைத் தவிர எதுவும் போடத் தெரியாது. அவர்களில் ஒருவரான மோனேயின் படத்தைக் காட்டினால் மகன், "மங்கலா இருக்கும்மா, சரியாவே வரையல" என்கிறான். எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் மகன் சொன்னதிலிருந்தே தொடங்குங்கள், சகோதரி. அவனை மறுக்காதீர்கள். 1874இல் பாரிஸில் இந்த ஓவியர்கள் சேர்ந்து முதல் கண்காட்சி வைத்தபோது, லூயி லெருவா என்ற பத்திரிகையாளரும் இதையேதான் சொன்னார். சுவரில் ஒட்டுகிற தாள்கூட இதைவிட முடித்த வேலையாக இருக்கும் என்று எழுதினார். மோனே தன் படத்துக்கு 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' என்று பெயர் வைத்திருந்தார். இம்ப்ரெஷன் என்றால் மனதில் பட்ட பதிவு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு லெருவா கேலி செய்ததில்தான் எல்லோருக்கும் இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இதை மகனிடம் சொல்லுங்கள். தன் கண்ணில் தப்பில்லை என்று தெரிந்த பிள்ளை, "அப்புறம் ஏன் அப்படி வரைஞ்சார்?" என்று தானே கேட்கும்.

அதற்குப் பதிலை வாயால் சொல்ல வேண்டாம், வெளியே கூட்டிப்போய்க் காட்டுங்கள். உங்கள் ஊர் கிழக்குக் கரையில் இருக்கிறது. கடலிலிருந்தே சூரியன் எழும். ஒரு விடுமுறை நாளில், விடிவதற்குக் கொஞ்சம் முன்பே ஷாம்போர்ன் கடற்கரைக்குப் போங்கள். ஆளுக்கொரு தாள், பட்டையான தூரிகை, நாலைந்து குவாஷ் வண்ணம் (தண்ணீரில் கரைத்துக் கெட்டியாகப் பூசுவது). பென்சிலும் அழிப்பானும் வீட்டிலேயே இருக்கட்டும். கைப்பேசியில் 15 நிமிடம் அலாரம் வையுங்கள். நீரின் நிறத்தைக் கலக்கி முடிப்பதற்குள் வானம் மாறிவிடும், மகள் எரிச்சல்படுவாள். அந்த எரிச்சல் வரத்தான் வேண்டும். ஒளி ஓடிக்கொண்டே இருக்கும்போது இலையை இலையாக வரைய நேரமில்லை, பட்டதைப் பட்டபடி வைக்கத்தான் முடியும் என்பது அப்போது கைக்கே புரிந்துவிடும். மோனே பிரான்சின் ருவான் நகரத்துத் தேவாலயத்தின் ஒரே முகப்பை ஏறக்குறைய 30 தடவை வரைந்தார். பிள்ளைகள் வீட்டு வாசல் மாமரத்தைக் காலை, நண்பகல், மாலை என்று மூன்று தடவை வரைந்தால் போதும்.

வண்ணப்பெட்டியிலிருந்து கறுப்பை எடுத்து ஒளித்துவையுங்கள். நிழல் என்றால் கறுப்பு என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைக்கும். மாலை நாலரை மணிக்குக் கொடியில் வெள்ளை வேட்டி காய்ந்தால் மகளைப் பக்கத்தில் நிறுத்திக் கேளுங்கள்: "மடிப்புக்குள்ள என்ன நிறம் தெரியுது?" முதலில் சாம்பல் என்பாள். இன்னும் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் படும் இடம் இளமஞ்சளாக இருக்கும். மடிப்பின் நிழலில் வானத்து ஒளி மட்டும் விழுவதால் நீலம் தட்டும். அந்த நீலத்தைத் தானாகக் கண்டுபிடிக்கிற நிமிடம் பத்துப் புத்தகத்துக்குச் சமம்.

கோலத்தைத் தவிர ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். சேலை எடுக்கத் தெரியுமே! ஒரே மாம்பழ மஞ்சள் கரை நீல உடலில் எரிகிறது, பச்சை உடலில் அடங்கிப்போகிறது. கடையில் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள். இந்த ஓவியர்கள் நம்பிய நிற அறிவும் துணியிலிருந்தே வந்தது. பாரிஸின் கோப்லேன் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரோல், கறுப்பு நூலில் அழுத்தமில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்த நிறத்தில் என்று கண்டு 1839இல் புத்தகமாக எழுதினார். பீரோவைத் திறந்து உங்கள் சேலைகளை வைத்தே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

பிறகு மோனேயின் சூரியோதயப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டுங்கள். ஆரஞ்சுச் சூரியன் ஏறக்குறைய காணாமலே போய்விடும். சூரியனுக்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய வேறுபாடே இல்லை, நிறத்தில்தான் வேறுபாடு. அதனால்தான் அது கண்ணுக்குத் துடிப்பதுபோல் படுகிறது. "சூரியன் எங்கடா போச்சு?" என்று சின்னவனைத் தேடவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். மோனே வரைந்த அல்லிக் குளங்களைப் போல என்று, பஞ்சுக் குச்சியால் புள்ளி வைத்து 'மோனே அல்லி' செய்யும் பயிற்சி இணையம் முழுக்கக் கிடக்கிறது. புள்ளி வைத்தவர் மோனே அல்ல, சூரா என்ற வேறோர் ஓவியர். அவர் வந்தது 1886இல் இம்ப்ரெஷனிஸ்டுகள் நடத்திய எட்டாவது, கடைசிக் கண்காட்சிக்கு. தொடக்கத்தில் நானும் வகுப்பில் பெயர், ஆண்டு, அல்லிப்பூ என்றுதான் நடத்தினேன். இருபது பிள்ளைகளும் இருபது ஒரே மாதிரி அல்லிக் குளம் கொடுத்தார்கள், ஒருவரும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மகளுக்குப் பற்பசைக் குழாயைக் காட்டி ஒரு கதை சொல்லுங்கள். 1841இல் தகரக் குழாய் வரும்வரை எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்தார்கள். வெளியே தூக்கிக்கொண்டு போவது பெரும்பாடு. பெர்த் மோரிசோ என்ற பெண் ஓவியர் அந்த எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் பங்கெடுத்ததையும் சொல்லுங்கள், பிடிக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு தீவின் தலைநகரான சேன் தெனிக்குப் போங்கள். பாரி தெருவில் லெயோன் தியெர்க்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. 1895இல் ஓவியர் செசானுக்கு முதல் தனிக் கண்காட்சி நடத்திய ஓவிய வணிகர் அம்புருவாஸ் வொலார் இதே சேன் தெனியில் 1866இல் பிறந்த தீவுப்பிள்ளை. அவர் இறந்தபின் சகோதரர் லூசியேன் 150க்கும் மேற்பட்ட படைப்புகளை 1947இல் இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். திறந்திருக்கிறதா, எவை மாட்டப்பட்டிருக்கின்றன என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்க்க அலைய வேண்டாம். பிள்ளைகள் ஆளுக்கொரு படம் தேர்ந்தெடுக்கட்டும். முதலில் அறையின் மறுகோடியில் நின்று பார்க்கட்டும், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிட்டே போகட்டும். மங்கலாவது எந்த இடத்தில் என்று சின்னவனே காலடி எண்ணிச் சொல்வான்.