பிடித்தவருக்கா, வெல்லக்கூடியவருக்கா?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபின் நான் வாக்களிக்கப் போகும் முதல் அதிபர் தேர்தல் 2028. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்கட்சித் தேர்தலிலும் கலந்துகொள்ள ஆசை. கட்சியோ இடதுசாரிகள், மிதவாதிகள் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. எனக்குப் பிடித்தவர் ஒருவர். ‘இவர் நின்றால்தான் ஜெயிக்க முடியும்’ என்று நண்பர்கள் சொல்பவர் வேறொருவர். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் நண்பர்கள் எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், ‘ஊரில் மற்றவர்களுக்கு இவரைப் பிடிக்கும்’ என்ற ஊகமாகத்தான் இருக்கும். இந்த ஊகத்துக்கு மரியாதையான வரலாறு கிடையாது. 2004இல் ஜனநாயகக் கட்சிப் போட்டியில், ஈராக் போரை எதிர்த்துத் தொண்டர்களை எழுப்பியவர் ஹோவர்ட் டீன். ஆனால் போர்க்காலத்தில் பதவியில் இருந்த அதிபர் ஜார்ஜ் W. புஷ்ஷைத் தோற்கடிக்க ராணுவப் பின்னணி வேண்டும் என்று கணக்குப் போட்ட கட்சி, வியட்நாம் போரில் பதக்கம் வாங்கிய ஜான் கெர்ரியிடம் போனது. எதிர்த்தரப்பு குறிவைத்தது அந்தப் பதக்கங்களைத்தான். முன்னாள் படைவீரர்கள் சிலரே அவற்றைச் சந்தேகித்து விளம்பரம் செய்தார்கள். கடைசியில் ஒஹையோவில் சுமார் 1.18 லட்சம் வாக்குகளில் தேர்தலே கைநழுவியது. கெர்ரி மோசமான வேட்பாளர் என்று சொல்ல வரவில்லை. ‘வெல்லக்கூடியவர்’ என்பதற்கு அன்று சொல்லப்பட்ட காரணம் எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பிளவுபட்ட கட்சியில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: உள்கட்சிப் போட்டியில் தோற்கும் அணி இவரை ஏற்றுக்கொள்ளுமா? எதிர்க்கட்சி வாக்காளரை இழுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சொந்தக் கட்சியின் மறுபாதி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் அந்தக் கணக்கு எதுவும் உதவாது.

1980ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு இரு கட்சிகளிலும் கடும் மோதல். பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து, அதே கட்சியின் டெட் கென்னடி, வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாடு வரை போராடினார். நியூயார்க்கில் மாநாட்டின் கடைசி இரவு, இருவரும் கைகோத்து உயர்த்தி நிற்கும் படத்துக்காகக் கார்ட்டர் காத்திருந்தார். கென்னடி தாமதமாக மேடையேறினார், கைகுலுக்கினார், நகர்ந்துவிட்டார். நாட்டின் அதிபர் அந்த மேடையில் அவர் பின்னாலேயே சுற்றியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. எதிர்ப்பக்கம் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன். வயது 69. தீவிர வலதுசாரி, இவர் வந்தால் நமக்கு எளிது என்று கார்ட்டரின் ஆட்களே எண்ணியிருந்தார்கள். அவரோ, தன் பொருளாதாரத் திட்டத்தை மந்திரவாத வித்தை என்று கேலி செய்த ஜார்ஜ் H. W. புஷ்ஷையே (மேலே சொன்ன புஷ்ஷின் தந்தை) துணை அதிபர் வேட்பாளராக அழைத்துக்கொண்டார். கட்சியின் மிதவாதிகளுக்கு அது போதுமான சைகையாக இருந்தது. முடிவு: ரீகன் 44 மாநிலங்கள், 489 தேர்வாளர் வாக்குகள் (அதிபரைத் தீர்மானிப்பவை மாநிலவாரியாகக் கிடைக்கும் இந்த வாக்குகளே), கார்ட்டருக்கு 49. பணவீக்கமும் ஈரான் பணயக் கைதிகள் விவகாரமும் கார்ட்டரை ஏற்கெனவே பாதி சாய்த்திருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தோற்கும் அணி ஒருவரை ஏற்குமா என்பதை வாக்காளராக நீங்கள் கண்டறிய வழி இருக்கிறது. கருத்துக்கணிப்புகளில் ‘யார் முன்னணி’ என்ற தலைப்பைத் தாண்டிப் போய், ‘உங்கள் இரண்டாவது விருப்பம் யார்’ என்ற கேள்வியைத் தேடுங்கள். மற்ற அணியினரிடம் அதிகம் வரும் பெயர் எது என்று பாருங்கள். ஓராண்டுக்கு முன்பே வெளியாகும் ‘இவர் நின்றால் இத்தனை, அவர் நின்றால் இத்தனை’ வகைக் கணிப்புகளைத் தள்ளிவிடலாம். பெயர் தெரிந்தவருக்குச் சாதகமாக வருவதைத் தவிர அவை அதிகம் சொல்வதில்லை. விவாத மேடையையும் கவனியுங்கள். போட்டியாளரைத் தாக்குவது வேறு, அவருடைய ஆதரவாளர்களை இழிவுபடுத்துவது வேறு. இரண்டாவதைச் செய்பவர் பின்னால் அவர்களிடமே வாக்குக் கேட்டுப் போகவேண்டும்.

‘2016இல் டிரம்ப் இந்த விதியை உடைத்தாரே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிளீவ்லாந்து மாநாட்டில், உள்கட்சிப் போட்டியில் தோற்ற டெட் குரூஸ் அவருக்கு ஆதரவு தர மறுத்தார்; கூட்டம் கூச்சலிட்டு அவரை அனுப்பியது. தலைவர்கள் முறைத்துக்கொண்டு நின்றாலும் சாதாரணக் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் டிரம்பிடமே வந்து சேர்ந்தார்கள். ஆகவே தலைவர்களின் முகத்தை விட வாக்காளர்களின் மனநிலை முக்கியம். அதே தேர்தலில் நாடு முழுவதும் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டன் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 80,000கூட இல்லை. எனவே உங்கள் விருப்ப வேட்பாளர் டல்லாஸில் எவ்வளவு கூட்டம் சேர்க்கிறார் என்பதை வைத்து எடைபோடாதீர்கள். இழுபறி மாநிலங்களில் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். ஏற்கெனவே ஆளுநராகவோ செனட்டராகவோ நின்றவர் என்றால், தன் மாநிலத்தில் கட்சியின் வழக்கமான வாக்கை விடக் கூடுதலாக வாங்கினாரா என்று பாருங்கள். என் அனுபவத்தில் எந்த மேடைப்பேச்சையும் விட நம்பகமான சான்று அது.

இவற்றில் இருவரும் ஏறக்குறைய சமம் என்று தெரிந்தால், தயங்காமல் பிடித்தவருக்கே போடுங்கள்.

இனி நடைமுறை. டெக்சஸில் வாக்காளராகப் பதியும்போது கட்சியைக் குறிப்பிடத் தேவையில்லை; சாவடியில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று சொன்னால் போதும். ஆனால் ஒரே ஆண்டில் இரு கட்சிக்கும் போட முடியாது. ஜனநாயகக் கட்சி, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகளை வாக்கு விகிதப்படி பிரிக்கிறது. 15 சதவீதத்தைத் தொடாதவருக்கு எதுவும் கிடையாது. ஆகவே உங்களுக்குப் பிடித்தவர் 6, 7 சதவீதத்தில் தத்தளித்தால், அவருக்குப் போடும் வாக்கு பிரதிநிதிக் கணக்கில் சேராமல் போகலாம்.

முன்கூட்டியே வாக்களிக்கும் வசதியில் அவசரப்படாதீர்கள். 2020இல் டெக்சஸில் அந்தக் காலம் பிப்ரவரி 28இல் முடிந்தது. மறுநாள் தென் கரோலினா உள்கட்சித் தேர்தலில் ஜோ பைடன் வென்றார். மார்ச் 1இல் பீட் புட்டஜஜ், 2இல் ஏமி குளோபுச்சர் போட்டியிலிருந்து விலகி, இருவரும் டல்லாஸுக்கே வந்து பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். 3ஆம் தேதி டெக்சஸில் வாக்குப்பதிவு. விலகிய அவ்விருவருக்கு ஏற்கெனவே வாக்களித்துவிட்டவர்களால் அதை மாற்றிப் போட முடியவில்லை. தேர்தல் நாளில் விடுப்பு எடுக்க முடியுமென்றால் அன்றைக்கே போங்கள். முடியாதென்றால் முன்வாக்குப்பதிவின் கடைசி நாளில் போங்கள்.