தளத்தை மூடினால் திருட்டு நிற்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணையச் சேவை நிறுவனங்களில் நெட்வொர்க் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். தளங்களைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு வந்தால், அதைச் சர்வரில் ஏற்றுகிற ஆள் நான்தான். கோப்புப் பகிர்வுத் தளங்கள் மீதான நடவடிக்கைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். உங்கள் மேல் வழக்கே வந்துவிட்டால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஒரு தளத்தைத் தடை செய்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மறுநாளே பெயரில் ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டு அதே தளம் வந்துவிடுகிறது. அப்புறம் தடை எதற்கு? (திருச்சி வாசகர்)

தடை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். நீதிமன்றமோ அமைச்சகமோ போடுகிற உத்தரவு, தொலைத்தொடர்புத் துறை வழியாகச் சேவை நிறுவனங்களுக்கு வரும். எங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வரிசை எண் போட்டு நூறு, இருநூறு முகவரிகள் இருக்கும். காப்பி எடுக்க முடியாது, பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். ஆங்கில எல் எது, எண் ஒன்று எது என்று புரியாமல் இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்ப்போம். முடிந்ததும், இந்தப் பெயரை யார் கேட்டாலும் உண்மையான முகவரியைச் சொல்லாதே என்று, தளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றிச் சொல்லும் எங்கள் டி.என்.எஸ். சர்வரில் ஒரு வரி சேரும். பல தடைகள் அவ்வளவுதான். தளம் இருக்கிற கம்ப்யூட்டர் வேறு நாட்டில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெயர்ப்பலகையைக் கழற்றியதற்கு வீடு இடிந்துவிடுமா? புதுப் பெயர் வாங்கச் சில நூறு ரூபாய் போதும்.

இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. ஒரு தளத்துக்குத் தடை வாங்கிய தயாரிப்பாளர், அதன் மறுபிறவி ஒவ்வொன்றுக்கும் புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை. நீதிமன்றத்தின் இணைப் பதிவாளரிடம் மனு கொடுத்தால் அந்த முகவரியும் பழைய தடைக்குள் வந்துவிடும். இதனால் வேலை விரைவானது உண்மை. ஆனாலும் துரத்துகிறவன் ஒரு அடி பின்னால்தான் ஓடுகிறான்.

கம்ப்யூட்டரையே தூக்கினால்? அதையும் செய்து பார்த்தார்கள். 2006 மே 31 அன்று ஸ்டாக்ஹோமில் போலீஸ் புகுந்து பைரேட் பே தளத்தின் சர்வர்களை அள்ளிக்கொண்டு போனது. மூன்றே நாளில் தளம் திரும்பி வந்தது. 2014 டிசம்பரில் மறுபடி சோதனை, 2015 ஜனவரி கடைசியில் மறுபடி உயிர். காரணம் எளிது: அந்தத் தளத்தில் படமே கிடையாது. படம் யார் யார் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று தேடிப் பிடிக்க உதவும் குறிப்புகள் மட்டும்தான். 2012-ல் ஒருவர் அந்தக் குறிப்புகளை எல்லாம் திரட்டிச் சுருக்கியபோது மொத்தமும் ஏறக்குறைய 90 எம்.பி.க்குள் அடங்கிவிட்டது. ஒரு பென் டிரைவின் மூலையில் கிடக்கிற சரக்கை எத்தனை முறை பறிமுதல் செய்வது?

ஆளைப் பிடிப்பது கொஞ்சம் பலன் தருகிறது. கிக்ஆஸ் டோரண்ட்ஸ் தளத்தை நடத்தியவர் என்று குற்றம் சாட்டப்பட்ட உக்ரைன்காரரை 2016 ஜூலையில் போலந்தில் கைது செய்தார்கள். அவர் ஆப்பிளின் இணையக் கடையான ஐடியூன்ஸில் காசு கொடுத்து எதையோ வாங்கியிருந்தார். அப்போது பதிவான ஐ.பி. முகவரியும் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), தளத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்குள் நுழைந்த ஐ.பி. முகவரியும் ஒன்றாக இருந்தன. தளம் அன்றே படுத்தது. அதே பெயரில் போலிகள் முளைத்தன என்றாலும் பழைய கூட்டம் சிதறிவிட்டது.

தடையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு படத்துக்கு முதல் வெள்ளி, சனி, ஞாயிறுதான் உயிர். அந்த மூன்று நாள் கதவை அடைத்து வைத்தாலே பலருடைய உழைப்பு பிழைக்கும். ஆனால் தடையை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது தவறு. திருட்டு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே கை வைக்க வேண்டும்.

நான் ஒரு சின்னத் திரையரங்கில் ஆபரேட்டர். எங்கள் தியேட்டரில்தான் எடுத்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (தென் மாவட்ட வாசகர்)

ஆரம்பிக்கிற இடத்தைப் பற்றியே கேட்டுவிட்டீர்கள். காலைக் காட்சிக்குக் கூட்டம் வாசலில் நிற்க, 'கே.டி.எம். இன்னும் வரலை' என்று நீங்கள் தவித்த நாட்கள் இருக்கும். ஹார்ட் டிஸ்கில் வந்த படம் பூட்டிய பெட்டி, கே.டி.எம். அதன் சாவி. அந்தச் சாவி உங்கள் சர்வருக்கு மட்டும், குறித்த தேதிக்கும் நேரத்துக்கும் மட்டும் திறக்கும். பக்கத்து ஊர் சர்வரில் போட்டால் திறக்காது.

படம் ஓடும்போது இன்னொன்றும் நடக்கிறது. படத்திலும் ஒலியிலும், கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத ஒரு குறியை சர்வர் கலந்துகொண்டே போகும். எந்த சர்வர், எந்த நாள், எந்த நேரம் என்பது அதில் இருக்கும். டிஜிட்டல் சினிமாவுக்கு ஹாலிவுட் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த விதிப்படி ஒவ்வொரு ஐந்து நிமிடப் பகுதியிலும் இந்தக் குறி முழுதாக இருக்க வேண்டும், நேர முத்திரை 15 நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். செல்போனில் ஆடி ஆடி எடுத்த பிரதியில் இருந்தும் அதைப் பிரித்தெடுக்க முடியும். ஆகவே எந்தக் காட்சி என்பது வரை தெரிந்துவிடும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பின் வரிசையில் கப் ஹோல்டரில் செல்போன் நிமிர்ந்து நின்றால், திரை வெளிச்சம் குறைத்து வைத்திருந்தால், விடாதீர்கள். 2023-ல் திருத்திய திரைப்படச் சட்டப்படி அரங்கில் பதிவு செய்வது, பதிவு செய்ய முயல்வது இரண்டுமே குற்றம். குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்த மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகலாம். நூறு கோடிப் படம் என்றால் ஐந்து கோடி. உங்கள் ஊழியர் யாராவது ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் ஆசைப்பட்டுச் சம்மதித்தால் அவருடைய குடும்பம்தான் தெருவுக்கு வரும். இதை வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

தடை செய்த தளத்தில் ஒரு படத்தைச் சும்மா பார்த்தாலே ஜெயிலா? (கோவை வாசகி)

முன்பு தடை செய்த தளத்தைத் திறந்தால், பார்ப்பதே தண்டனைக்குரிய குற்றம் என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை வந்தது. 2016-ல் மும்பை உயர் நீதிமன்றம் அதைத் திருத்தச் சொன்னது. வெறுமனே பார்ப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம் ஆகாது, உரிமையாளருக்குக் கேடாக விநியோகிப்பதும் பொதுவில் காட்டுவதும்தான் குற்றம் என்று நீதிபதி கௌதம் படேல் தெளிவுபடுத்தினார்.

ஆனால் டோரண்டில் இறக்கினால் கதை மாறுகிறது. உங்களுக்கு வந்துசேர்ந்த துண்டுகளை உங்கள் கம்ப்யூட்டர் அதே நேரத்தில் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பார்வையாளராக இருந்தபடியே விநியோகிப்பவராகவும் ஆகிவிடுகிறீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது.

திருமண வீடியோ எடுக்கிறோம். பெரிய கோப்புகளை ஒரு பகிர்வுத் தளத்தில் ஏற்றி லிங்க் அனுப்புவோம். அந்தத் தளத்தை அரசு மூடிவிட்டால் எங்கள் கோப்புகள் என்ன ஆகும்? (மதுரை ஸ்டூடியோ)

எல்லோரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது. 2012 ஜனவரியில் மெகாஅப்லோடு தளத்தை அமெரிக்க அரசு மூடியது. நிறுவனர் கிம் டாட்காமை நியூசிலாந்தில் ஆக்லாந்து அருகே உள்ள அவர் மாளிகையில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிக் கைது செய்தது அந்நாட்டுப் போலீஸ். 15 கோடிப் பேர் பதிவு செய்திருந்த தளம் அது. திருட்டுக் கோப்புகளை ஏற்றியவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள், புகார் வந்தால் ஒரு இணைப்பை மட்டும் எடுத்துவிட்டுக் கோப்பை அப்படியே வைத்திருந்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டுகள்.

சரி, அந்தக் கோடிக்கணக்கானவர்களில் உங்களைப் போல நேர்மையாகப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர்? ஓஹையோவில் ஒருவர் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படம் பிடித்துப் பிழைத்தவர். அவருடைய ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருந்தது, மிச்சப் பிரதி மெகாஅப்லோடில்தான். தன் சொந்த வீடியோவைத் திருப்பித் தரச் சொல்லி வருடக்கணக்கில் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் வாடகைக்கு இருந்த 1,103 சர்வர்களில் சுமார் 25 பெட்டாபைட் தகவல் (ஒரு பெட்டாபைட் என்றால் பத்து லட்சம் ஜி.பி.) முடங்கிக் கிடந்தது. நெதர்லாந்தில் இருந்த 630 சர்வர்களை, இடம் கொடுத்த நிறுவனம் 2013-ல் அழித்தே விட்டது. திருடனைப் பிடிக்கப் போன இடத்தில் அடுத்த வீட்டுக்காரரின் கல்யாண ஆல்பம் எரிந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. பறிமுதல் உத்தரவு போடும்போதே, குற்றம் செய்யாதவர்கள் தங்கள் கோப்பை எடுத்துக்கொள்ள ஒரு வழியையும் எழுதியாக வேண்டும்.

நம் ஊரிலும் 2012-ல் ஒன்று நடந்தது. '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாதவர்கள் மீது தடை வாங்கினார்கள். இந்த வகை உத்தரவுக்கு 'அசோக் குமார் உத்தரவு' என்றே பெயர். சேவை நிறுவனங்கள் அதைக் காட்டி விமியோ, டெய்லிமோஷன் போன்ற வீடியோ தளங்களை முழுசாக மூடின. பிறகு ஜூனில், படம் இருக்கிற குறிப்பிட்ட இணைப்பை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றம் விளக்கம் தந்தது.

உங்களுக்கு என் யோசனை: பகிர்வுத் தளம் தபால்காரர் மாதிரி, அவரிடம் நகையைக் கொடுத்து வைக்காதீர்கள். கோப்பு இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும், ஒன்று ஸ்டூடியோவுக்கு வெளியே. டெலிவரி முடிந்து ஆறு மாதம் வரை அழிக்காதீர்கள்.

மகன் ஜெர்மனியில் படிக்கிறான். டோரண்டில் தமிழ்ப் படம் இறக்கியதாக வக்கீல் கடிதம் வந்திருக்கிறது. ஏமாற்று வேலையா? (சேலம் வாசகர்)

பெரும்பாலும் உண்மையான கடிதமாகவே இருக்கும். அங்கே இதற்கு அப்மானுங் என்று பெயர். பல நூறு யூரோ கேட்பார்கள், இனிமேல் செய்ய மாட்டேன் என்று ஒரு உறுதிமொழிப் படிவமும் இணைத்திருப்பார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கடிதம் போகும்.

குறித்த தேதியைத் தவற விடக் கூடாது. அந்தப் படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போடவும் கூடாது, அது காலத்துக்கும் கட்டிப்போடும். பல்கலைக்கழக மாணவர் அமைப்பின் சட்ட ஆலோசனையையோ நுகர்வோர் ஆலோசனை மையத்தையோ உடனே பார்க்கச் சொல்லுங்கள். மகனைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

டோரண்ட் மென்பொருள் வைத்திருப்பதே தப்பா? வி.பி.என்.? (பல வாசகர்கள்)

இரண்டும் தப்பில்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வெளியீடுகளை டோரண்டில்தான் பலர் இறக்குகிறார்கள். வி.பி.என். என்பது இணையத் தொடர்பைப் பூட்டி வேறு சர்வர் வழியாக அனுப்பும் வசதி, அது இல்லாமல் அலுவலகங்கள் ஓடாது. அவற்றை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதே கேள்வி.

நண்பர்கள் சேர்ந்து எட்டு லட்சத்தில் ஒரு சின்னப் படம் எடுத்தோம். கட்டணத் தளத்தில் போட்ட மறுநாளே திருட்டுத் தளங்களில் வந்துவிட்டது. எங்களிடம் வழக்குப் போடக் காசு இல்லை. (சென்னை வாசகர்)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வலித்தது. வழக்குக்குப் போகாமலே இரண்டு வழி இருக்கிறது.

கோப்பு ஒரு பகிர்வு நிறுவனத்தின் சர்வரில் இருந்தால், 2013 பதிப்புரிமை விதிகளின் 75-வது விதிப்படி எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் முறையாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்த நிறுவனம் அணுகலை நிறுத்த வேண்டும். அது 21 நாள் வரைதான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். ஆனாலும் அந்த 21 நாள் உங்களுக்குப் பெரிது.

இரண்டாவது, 2023 நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தணிக்கை வாரியமும் சேர்ந்து 12 அதிகாரிகளை இதற்கென்றே நியமித்தன. உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ புகார் செய்யலாம், 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்பது அறிவிப்பு. தளத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். படம் இருக்கிற முழு இணைப்பு, பார்த்த தேதி, நேரம், திரைப் பிரதி, உரிமை உங்களுடையது என்பதற்கான ஒப்பந்தம், இத்தனையும் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். இணைப்பைக் கையால் அடிக்காமல் காப்பி செய்து ஒட்டுங்கள். ஒரு எழுத்து பிசகினால் மறுமுனையில் என்னைப் போல உட்கார்ந்திருப்பவர் வேறு எதையாவது தடுத்து வைப்பார்.