எண்ணெய் கேப்ஸ்யூல் தொண்டையில் ஒட்டுகிறது, தண்ணீரிலும் கரையவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் தாயாருக்கு எழுதிக்கொடுத்த எண்ணெய் கேப்ஸ்யூல் (இதன் மேல்தோல் ஜெலட்டின் என்ற புரதம்) தொண்டையில் ஒட்டுகிறது, டம்ளர் தண்ணீரில் போட்டாலும் கரையவில்லை, அப்படியானால் வயிற்றில் கரையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இதே பயம் இருந்தது.

சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் என் அம்மாயிக்கு வாரம் ஒரு வைட்டமின் டி கேப்ஸ்யூல், 60,000 யூனிட். "இது கரையவே மாட்டேங்குது கண்ணு" என்று மண்பானைத் தண்ணீரில் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஊறின ஜவ்வரிசி மாதிரி உப்பி, மேல்தோல் வெளுத்து, டம்ளர் அடியில் முழுசாகக் கிடந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றினேன். சில நிமிடத்தில் ஓரத்து ஒட்டு விட்டு, மஞ்சள் எண்ணெய் பொட்டுப் பொட்டாக மேலே வந்தது.

ஜெலட்டினின் குணமே அதுதான். குளிர்ந்த தண்ணீரில் ஊறும், கரையாது. உடம்புச் சூட்டில் கரையும். மருந்து ஆய்வகங்களிலும் 37 டிகிரியில்தான் சோதிப்பார்கள். அதனால் பானைத் தண்ணீரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

வைக்கும் இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அம்மாயி அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்திருந்தார். சேலத்துச் சித்திரை வெயிலோடு அடுப்புச் சூடும் சேர்ந்தால் கேப்ஸ்யூல் என்ன ஆகும்? சூடும் ஈரமும் பட்டுப் பழசானால் ஜெலட்டின் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து, கரையாத ஜவ்வாகிவிடும். உள்ளே எண்ணெய் சிக்குப் பிடித்தால் அதில் உண்டாகும் ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள்களும் இதையே செய்யும். வயிற்றில் புரதத்தைச் செரிக்க வைக்கும் பெப்சின் என்ற நொதி இந்த ஜவ்வை ஓரளவு உடைக்கும், ஆய்வகச் சோதனையிலும் தேவைப்பட்டால் பெப்சின் சேர்க்க அனுமதி உண்டு. அதற்காக அதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். ஏற்காட்டில் சிக்கல் வேறு மாதிரி. சுமார் 1,500 மீட்டர் உயரம், மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டம். அங்கே என் சித்தி மீன் எண்ணெய் கேப்ஸ்யூலைத் திறந்த கிண்ணத்தில் கொட்டி வைத்திருந்தார், எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. அட்டையில் வந்தால் அட்டையிலேயே, டப்பாவில் வந்தால் இறுக மூடி, படுக்கையறை பீரோவில் வையுங்கள்.

அப்புறம், விழுங்கும் முறை. வயதானவர்களுக்கு வாய் காய்ந்திருக்கும், அதில்தான் ஜெலட்டின் அப்பிக்கொள்கிறது. முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பிறகு கேப்ஸ்யூலை நாக்கில் வைத்து, வாயில் தண்ணீர் எடுத்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கட்டும். அண்ணாந்து விழுங்குவதுதான் நம் பழக்கம், ஆனால் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 151 பேரிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில், இப்படிக் குனிந்து விழுங்கிய கேப்ஸ்யூல்களில் 88.6 சதவீதம் முன்பைவிட எளிதாக இறங்கின. அம்மாயிக்கு இரண்டாவது வாரமே பழகிவிட்டது. முழு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. சூடான காபியோடு வேண்டவே வேண்டாம், நாக்கிலேயே இளகிப் பசையாகிவிடும்.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, அதனால் வெறும் வயிற்றைவிட எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாக உடம்பில் சேரும். அம்மாயிக்கு ஞாயிறு மதியம் கறிக்குழம்புச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துவிட்டோம், நாளும் மறக்காது.

அப்படியும் இறங்கவில்லை என்றால் நீங்களாக ஊசியால் குத்திப் பிழிய வேண்டாம், சில மருந்துகளை அப்படிக் கொடுக்கக் கூடாது. வைட்டமின் டி தான் என்றால் பொடியாகவும் சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. டாக்டரிடம் கேட்டால் மாற்றி எழுதிக் கொடுப்பார்.