கிளைவிடும் மூலக்கூறுகள்: வாசகர் கேள்வி

கேள்வி: ஐயா, உயர்தர இரசாயனவியலில் பல்பகுதியம் (பொலிமர்) என்றால் நீண்ட சங்கிலி அல்லது குறுக்கே பிணைந்த வலை என்றே படிக்கிறோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அண்ணா, பெருமளவு கிளைத்த பல்பகுதியங்கள் பற்றி ஆய்வுகள் நடப்பதாகச் சொல்கிறார். அவை எதற்குப் பயன்படும்? எங்கள் கிணற்று நீரின் கடினத்தன்மையை அவற்றால் போக்க முடியுமா?
— மாணவி, மாங்குளம்

பதில்: ஒரே தண்டாக உயரும் பனையை நேர்ச்சங்கிலிக்கும், கிளைக்குமேல் கிளைவிடும் புளியமரத்தை நீங்கள் கேட்ட பொருளுக்கும் ஒப்பிடலாம். இரண்டும் நம் சோற்றுக்கோப்பையிலேயே உள்ளன. மாப்பொருளில் அமைலோசு பெரும்பாலும் நேரானது; அமைலோபெத்தினிலோ ஏறத்தாழ 25 குளுக்கோசு அலகுகளுக்கு ஒரு கிளை உண்டு. சோறு ஆறியவுடன் இறுகத் தொடங்குவதற்கு முதற்காரணம், நேரான அமைலோசுச் சங்கிலிகள் அருகருகே அடுக்காக அமைந்து ஒட்டிக்கொள்வதே; கிளைத்த மூலக்கூறு அவ்வளவு விரைவில் அடுக்காக அமையாது.

ஒருவகைத் தொகுதி ஒன்றும், அதனுடன் மட்டும் தாக்கமுறும் வேறுவகைத் தொகுதிகள் இரண்டும் கொண்ட சிறு மூலக்கூறுகளை இணைத்தால், வலையாக இறுகாமலே கிளைகள் பெருகும் என்று அமெரிக்க இரசாயனவியலாளர் போல் புளோரி 1952இல் கணித்துக் காட்டினார். பின்னர் வந்தவர்கள் இரண்டு வழிகளில் சென்றனர். டொனால்ட் டொமாலியா குழுவினர் 1985இல் விவரித்த டென்ட்ரிமர்கள், நடுக்கருவிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகக் கட்டப்படுபவை. நடுக்கருவில் 4 முனைகளுடன் தொடங்கினால், தலைமுறைதோறும் 8, 16 என இரட்டித்து நான்காம் தலைமுறையில் 64 ஆகும். அழகுதான், ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் தாக்கமும் தூய்மையாக்கலும் மறுபடி மறுபடி வேண்டியிருப்பதால் விலை ஏறுகிறது. மற்ற வழியில், எல்லாவற்றையும் ஒரே கலத்தில் இட்டுத் தாக்கமுற விடுகிறார்கள். கிளைகள் ஒழுங்கின்றி அமைகின்றன, கிளைத்தல் அளவு முழுமையான டென்ட்ரிமருக்கு 1 என்றால் இதற்கு ஏறத்தாழ 0.5தான். தொழிற்சாலைக்குப் பொருந்துவது இந்த ஒழுங்கற்ற பிள்ளையே என்பது என் எண்ணம்.

நீண்ட சங்கிலிகள், முல்லைத்தீவுக் கரையில் குவித்த வலைநூல்போல் ஒன்றுள் ஒன்று சிக்குவதால் அவற்றின் உருகலும் கரைசலும் தடிப்பாகின்றன. கிளைத்தவை ஏறத்தாழ உருண்டையாக இருப்பதால் அவ்வாறு சிக்குவதில்லை. ஆகவே அவற்றைச் சேர்த்த பெயின்ற் குறைந்த கரைப்பானுடனேயே இலகுவாகப் பரவும், ஏராளமான முனைத்தொகுதிகள் இருப்பதால் விரைவில் இறுகவும் செய்யும். ஆனால் சிக்காத குணமே குறையுமாகிறது: தனியே படலமாக வார்த்தால் எளிதில் உடைந்துவிடும். எனவே பெரும்பாலும் வேறு பொருளுக்குத் துணையாகவே பயன்படுகின்றன. உதாரணமாக, எப்பொக்சிப் பிசினில் சிறிதளவு கலந்தால், பிசின் இறுகும்போது இவை பிரிந்து நுண்துளிகளாகப் பரவி, வெடிப்பு ஓடுவதைத் தடுக்கின்றன.

இனி உங்கள் கிணறு. நைதரசன் அடங்கிய அமைன் தொகுதிகள் கொண்ட டென்ட்ரிமர்கள் நீரிலுள்ள செப்பு அயன்களைப் பற்றிக்கொள்வதும், நுண்வடியால் பிரித்த பின் அமிலம் சேர்த்தால் அவற்றை விட்டுவிடுவதும் ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டுள்ளன. கடினத்தன்மைக்குக் காரணமான கல்சியமும் மகனீசியமும் நைதரசனைவிட ஒட்சிசனையே விரும்பிப் பிணைவதால், அதே மூலக்கூறு அங்கே அவ்வளவாக உதவாது. முனைகளில் ஒட்சிசன் அடங்கிய காபொட்சிலிக் தொகுதிகளைப் பொருத்தினால் கல்சியத்தைப் பிடிக்கலாம். ஆனால் ஒரு குடும்பத்தின் குடிநீருக்கு, அயன்மாற்றுப் பிசினும் பின்னோக்குச் சவ்வூடுபரவல் இயந்திரமும் அதைவிட மிக மலிவாக அந்த வேலையைச் செய்கின்றன.