எக்ஸ்ரேயில் நிழல் என்றால் புற்றுநோய்தானா?

முக்கூடல், 52 வயது, இருபது வருசமாகப் பீடி, நெஞ்சு எக்ஸ்ரேயில் வலப்பக்கம் மேலே நிழல், புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எக்ஸ்ரே நிழலைக் காட்டும். அது இன்னதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லாது. மேல்பகுதி என்றால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் பார்ப்பார்கள். எப்போதோ வந்து ஆறியதன் தழும்பாகவும் இருக்கலாம். நிமோனியாவும் இப்படித் தெரியும். ஆனால் புகைப்பவருக்குப் புற்றுநோயைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

பழைய எக்ஸ்ரே இருந்தால் பரணில் தேடி எடுங்கள். இரண்டு வருசமாக நிழல் வளரவே இல்லை என்றால் பெரிய ஆறுதல். அப்புறம் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன், அதிலும் சந்தேகம் என்றால் ஊசி வைத்துத் திசு எடுப்பார்கள். சளியில் ரத்தம், எடை குறைவு, குரல் கம்மல் இருந்தால் நாளைக்கே கிளம்புங்கள்.

"வெறும் இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை" என்று பீடி சுற்றும் ஊரிலேயே சொல்வார்கள். தப்பு. பீடி சட்டென்று அணையும். அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். புகையிலுள்ள தார் என்ற பிசுபிசுப்பான கசடும் அதற்கேற்ப உள்ளே போகும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே நிறுத்துங்கள். காசநோயாகவே இருந்தாலும் புகை அது குணமாவதைக் கெடுக்கும்.