பையனை மட்டும் அனுப்பிவைத்தால் ஆயிற்றா?

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகனுக்குப் பதிமூன்று வயது. அவன் நண்பன் வேப் (மின்சிகரெட்) இழுத்து மாட்டிக்கொண்டான். இரண்டு நாள் மைண்ட்ஃபுல்னெஸ் (அந்தந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிக்கும் பயிற்சி) முகாமுக்கு அனுப்பினால் என் பையன் போதைப் பக்கமே போகமாட்டான், கேரண்டி என்கிறார் ஒருவர். பணம் கட்டலாமா?"

கட்டாதீர்கள். கேரண்டி என்ற சொல் வந்தாலே போனை வைத்துவிடலாம், இதில் யாராலும் அதைத் தர முடியாது. இப்படி ஆள் பிடித்துக் கொடுப்பவர் கமிஷனுக்குப் பேசுபவராக இருக்கலாம், சுவரில் மாட்டிய சான்றிதழ் ஒரு வாரக் கோர்ஸில் வாங்கியதாக இருக்கலாம். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எனக்கும் அவன் அப்பாவுக்கும் எத்தனை வாரம் வகுப்பு?" நீங்கள் வரவே வேண்டாம் என்றால் அது பயிற்சி இல்லை, வியாபாரம்.

ஏன் என்றால், பிள்ளைகள் போதைப் பக்கம் போகாமலிருக்கக் குடும்பங்களுக்காக அமெரிக்காவில் உருவான ஒரு திட்டம் ஏழு வாரம் நடக்கும், வாரம் 2 மணி நேரம். முதல் மணியில் பெற்றோர் தனி, பிள்ளைகள் தனி, இரண்டாம் மணியில் எல்லோரும் ஒன்றாக. மைண்ட்ஃபுல்னெஸைப் பிற்பாடு அதில்தான் சேர்த்தார்கள், அதுவும் முக்கியமாகப் பெற்றோருக்கு. பிரிட்டனில் 85 பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பில் சொல்லிக்கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், அவர்கள் மனநலத்தில் வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. 2022-லேயே முடிவு வந்துவிட்டது. ஆனால் பள்ளிகள் இன்னும் வருடத்துக்கு ஒரு சொற்பொழிவு, ஒரு போஸ்டர், மாட்டினால் சஸ்பென்ஷன் என்றே ஓட்டுகின்றன. என்ன சொல்ல!

வீட்டில் செய்வது கண்ணை மூடி உட்காருவது மட்டுமல்ல. அவன் தாமதமாக வருகிறான், சட்டையில் ஏதோ வாசனை. "எங்கேடா போனே?" என்று வாய் திறக்கும் முன் மூன்று மூச்சு. உங்கள் தாடை இறுகியிருப்பது உங்களுக்கே தெரியவேண்டும். அப்புறம் கேளுங்கள், கேட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்து முழுப் பதிலையும் கேளுங்கள். கண்டிப்பு போய்விடாது, விதி விதிதான்.

ஒரே விதிவிலக்கு, இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இந்தப் பயிற்சியெல்லாம் போதையை ஆரம்பிக்காத பிள்ளைக்கு, அல்லது ஒருமுறை இழுத்துப் பார்த்தவனுக்குத்தான். போதை இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் மூச்சுப் பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவன் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், வலிப்பு வரலாம். முதலில் மருத்துவர், வகுப்பு பிறகு.