மேசையில் இருந்த நான்கு தட்டுகள்

கேள்வி: எனக்கு 31 வயது. எட்டு ஆண்டுகளாகச் சென்னையில் உதவி இயக்குநராக இருக்கிறேன். முதல் படத்துக்காக, கிறிஸ்துமஸ் இரவில் நாகர்கோவில் பக்கம் ஒரு பழைய வீட்டில் நடக்கும் பேய்க்கதை எழுதியிருக்கிறேன். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். அப்பா இறந்துவிட்டார், அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். போன கிறிஸ்துமஸ் இரவில் அம்மா மேசையில் நான்கு தட்டுகள் வைத்திருந்ததாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்; அதிலிருந்துதான் கதை பிறந்தது. தாய் வேடத்துக்குத் தேசிய விருது பெற்ற ஒரு மூத்த நடிகையை நினைத்தே எழுதினேன். தயாரிப்பாளரோ, இளம் கதாநாயகி ஒருவருக்கு நரை போட்டுக்கொள்ளலாம் என்கிறார். அந்த நடிகை கதையைக் கேட்டுவிட்டு, "அந்த நாலு தட்டும் யாருக்கு?" என்று கேட்டார். "அது சஸ்பென்ஸ் மேடம்" என்றேன். மறுநாள் ஸ்கிரிப்ட் திரும்பி வந்துவிட்டது. அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, சினிமாவில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. யாரைப் பிடித்தால் யார் சம்மதிப்பார் என்று கேட்பார்கள். உங்கள் கடிதத்திலோ ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை: "பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்." பெற்ற தாய் பண்டிகை இரவில் யாருக்குத் தட்டு வைத்தார் என்பதை, இரண்டு ஆண் பிள்ளைகள் இருந்தும், பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். கேட்ட கையோடு ஊருக்குப் போனதாகக் கடிதத்தில் இல்லை. கதை எழுத உட்கார்ந்ததாகத்தான் இருக்கிறது.

நடிகை கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒன்று அம்மாவுக்கு, ஒன்று இறந்துபோன அப்பாவுக்கு, ஒன்று மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்கு, இன்னொன்று உங்களுக்கு. அதைச் சொல்ல வாய் வராமல் சஸ்பென்ஸ் என்று சொல்லி மூடிவிட்டீர்கள். அத்தனை ஆண்டுகள் நடித்த ஒரு பெண்மணிக்கு, எதிரே இருக்கும் பையன் எதையோ மறைக்கிறான் என்பது தெரியாமல் போகுமா? தட்டு யாருக்கென்று தெரியாமல் அதை மேசையில் எப்படி வைப்பார்? இறந்தவருக்கு வைக்கும் தட்டை வைக்கும் கை வேறு, வராத மகனுக்கு வைக்கும் தட்டை வைக்கும் கை வேறு.

பெரிய நடிகைகள் பேய்ப் படத்தில் நடிக்கத் தயங்குவார்கள் என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதை அதற்கு முன்பே இரண்டு முறை பெற்றிருந்த ஷெல்லி வின்டர்ஸ், 1971-இல் 'ஹூ எவர் ஸ்லூ ஆன்ட்டி ரூ?' என்ற படத்தில், கிறிஸ்துமஸுக்கு ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகளைத் தன் பெரிய வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் விதவையாக நடித்தார். இறந்துபோன மகளின் உடலைத் தொட்டிலில் வைத்துத் தாலாட்டுகிறவள் அந்த விதவை. யாருக்காகத் தாலாட்டுகிறோம் என்பது அந்த நடிகைக்குத் தெரிந்திருந்தது. 2022-இல் வந்த 'பூதகாலம்' மலையாளப் படத்தையும் பாருங்கள். மனச்சோர்வில் இருக்கும் தாயாக ரேவதி நடித்திருக்கிறார். பாட்டி இறந்த பிறகு தாயும் மகனும் மட்டும் அந்த வீட்டில் மிஞ்சுகிறார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் நம்புவதில்லை. கதவு தானாக அசையும் காட்சிகளைவிட அந்த நம்பிக்கையின்மைதான் எனக்கு நெஞ்சை அடைத்தது. கேரள அரசின் சிறந்த நடிகை விருது அவருக்கு அந்த வேடத்துக்காகவே கிடைத்தது.

தயாரிப்பாளரின் யோசனையை விட்டுவிடுங்கள். ஒட்டிய நரை, குளோஸப்பில் ஒட்டிய நரையாகத்தான் தெரியும்.

உங்கள் ஊர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து செய்வார்கள். வறுத்துப் பொடித்த சிறுபயறில் வெல்லப்பாகை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருட்டினால்தான் உருண்டை பிடிபடும், உள்ளங்கை சிவந்துவிடும். பிறகு மூன்று மூன்றாகச் சேர்த்து மாவில் தோய்த்து எண்ணெயில் போடுவார்கள். சாப்பிட ஆளில்லாத வீட்டில், ஒரு வயதான பெண் தனியாக உட்கார்ந்து இத்தனையும் செய்கிறாள் என்றால், அவள் மனத்தில் யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள். நீங்கள் தேடும் நடிகை நடிக்க விரும்புவது அந்த மத்தியானத்தைத்தான். அதை எழுத வேண்டுமானால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்ததை மட்டுமே.

இதைக் கடுமையாகத்தான் சொல்கிறேன். தாயின் தனிமையை அவருக்கே தெரியாமல் எடுத்து, அவரைப் பேயாக்கி, தியேட்டரில் நாலு பேர் அலறுவதற்கு விற்பது பிள்ளை செய்கிற காரியம் இல்லை. வேலை, வாய்ப்பு, எட்டு ஆண்டுப் போராட்டம் எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தகப்பன் இல்லாத வீட்டில் பண்டிகை இரவில் தாயோடு உட்கார்ந்து சாப்பிடுவது பிள்ளைகளின் கடமை என்றே நான் நம்புகிறேன், கதை எழுதுவது அதற்குப் பிறகுதான்.

ஆகவே அந்த நடிகையிடம் ஸ்கிரிப்டை மறுபடியும் அனுப்பாதீர்கள், யாரையும் தூது அனுப்பவும் வேண்டாம். 60 நாட்களுக்கு முன்பே ரயில் முன்பதிவு திறந்துவிடும். டிசம்பர் 22-க்கே ஊரில் இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். அண்ணனையும் வரச் சொல்லுங்கள். பயறு வறுப்பதிலிருந்து கூடவே இருங்கள். அந்தக் காட்சியைப் படமாக்கலாமா என்று அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், படமே நின்றுபோனாலும் அதை வெட்டிவிடுங்கள். சரி என்று சொன்னால் நடிகையின் வீட்டுக்கு நேரில் போய், அந்தத் தட்டுகள் யாருக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் தட்டுகளை நீங்களே கழுவிக் கொண்டுவந்து வையுங்கள். போன ஆண்டு உங்களுக்காக வைத்த தட்டு எது என்று அம்மாவே காட்டட்டும்.